மாட் சாலே மாமாவின் இடது பக்கம்

எங்கள் குடும்பத்தில் லாரி ஓட்டுபவர் உண்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் உண்டு, எதையும் ஓட்டாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்து வாயை மட்டும் ஓட்டுபவரும் உண்டு. குத்துச்சண்டைக்காரர் யாரும் இருந்ததில்லை. அந்தக் குறையை என் அத்தை தீர்த்துவைத்தாள். அப்பாவின் ஒரே தங்கையான அவள் மிஸ்ஸி வேலைக்கு, அதாவது மருத்துவமனைத் தாதியாக, இங்கிலாந்துக்குப் போனாள். அங்கே ஒரு சனிக்கிழமை புருவம் கிழிந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தையல் போட்டாள். சில வாரம் கழித்து அவர் மற்றப் புருவத்தையும் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். வேண்டுமென்றே அடி வாங்கினாரா என்று கேட்டால் அத்தை சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள். எப்படியோ அவர் எனக்கு மாமாவாகிவிட்டார்.

ஜொகூர் மாநிலத்து மாசாயில், எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு முழுக்க அவருக்கு ‘மாட் சாலே மாமா’ என்றுதான் பெயர். மலாய்க்காரர்கள் வெள்ளைக்காரர்களைச் சொல்லும் சொல் அது. அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. “எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க லா” என்று பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்கு நிற்பார். பிறகு அவரே போனில் யாரிடமாவது, “நம்ம மாட் சாலே இருக்காப்லல்ல...” என்று தொடங்குவார்.

மாமாவின் கதை எனக்கு மனப்பாடம். வடக்கு இங்கிலாந்தில், நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும் பாதி ஊர் வேலையிழந்து உட்கார்ந்த ஓர் ஊரில் பிறந்தவர். தேவாலயத்துக் கூடத்தின் மாடியில் பையன்கள் குத்துச்சண்டை பழகும் இடத்துக்கு, முதலில் மழைக்கு ஒதுங்கத்தான் போனாராம். மழை விட்ட பிறகும் இறங்கவில்லை. பத்தொன்பது வயதில் தொழில்முறைச் சண்டைக்காரரானார். எடைப் பிரிவில் அவர் மிடில்வெயிட். எழுபத்திரண்டரைக் கிலோவைத் தாண்டினால் மேடை ஏற முடியாது. தன் வட்டாரத்துப் பட்டத்தை வென்று சில வருடம் வைத்திருந்தார். பிரிட்டிஷ் பட்டத்துக்கு இரண்டு தடவை மோதினார். முதல் தடவை புள்ளியில் தோற்றார். இரண்டாம் தடவை ஜெயித்துக்கொண்டிருந்தபோதே, அத்தை முதலில் தைத்த அதே புருவம் பிளந்து இரத்தம் நிற்காமல் போக, நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மாமா சிரிக்க மாட்டார்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் மாமாவுக்குச் சண்டை ஏற்பாடாகியிருந்தது. எதிராளி தாய்லாந்திலிருந்து வரும் ஓர் இளைஞன். இதில் ஜெயித்தால் மூன்றாவது முறையாகப் பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோத வாய்ப்புத் தருவதாக இங்கிலாந்தில் சொல்லியிருந்தார்கள். தோற்றால் கையுறையைக் கழற்றிவிட்டு, எங்களோடு மாசாயிலேயே குடியேறிவிடுவதாக மாமா அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அத்தைக்கு இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைகூடத் தயாராக இருந்தது. ஜெயித்தால் விமானம், தோற்றால் மாசாய். காலையில் எழுந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

என் நிலைமைதான் தர்மசங்கடம். மாமா என்றால் எனக்கு உயிர். அவருக்கு முன்பல் ஒன்று கட்டிய பல். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டைவாயோடு “பாப்பா!” என்று கூப்பிடுவார். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக் கிடப்பேன். அவர் ஜெயிக்கவும் வேண்டும், இங்கேயே இருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால், இங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் இதைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் கோவிலில் கண்ணை இறுக்க மூடி, உதடு அசையாமல் மாரியம்மனிடம் மட்டும் கேட்டேன்.

மாமா தினமும் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் பாசிர் கூடாங் சாலையோரம் ஓடுவார். எடை குறைவதற்காம். வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, “ஓகே ஆ பாஸ்?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அம்மாவின் கவலை வேறு. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை அவித்த முட்டையும் கீரையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? கேட்டவர்களிடமெல்லாம் “விரதம்” என்று சொல்லிவைத்தாள். எந்தச் சாமிக்கு என்று ஒருவர் கேட்டதற்கு, “அது அவங்க ஊர்ச் சாமி லா” என்றாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அம்மாவுக்கு மாமாவைப் பற்றிப் பெருமை தாங்காது. இடது பக்கமாக எதை நீட்டினாலும் அவர் இடது கையால் வாங்க மாட்டார். ஒரு கணம் சும்மா இருப்பார். பிறகு முழு உடம்பையும் திருப்பி, நேராகப் பார்த்து, வலது கையால்தான் வாங்குவார். விபூதித் தட்டானாலும் சரி, தேநீர்க் கோப்பையானாலும் சரி. “பாத்துக்கடி. வெள்ளைக்காரருக்கு இருக்கிற மரியாதை உனக்கு இருக்கா?” என்று என் இடது கையில் ஒன்று வைப்பாள். நான் பிஸ்கட்டை இடது கையால் எடுத்த குற்றத்துக்காக அந்த மாதம் நிறைய அடி வாங்கினேன். அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். “ஆமாண்ணி, நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்பாள்.

அது மரியாதை இல்லை. மாமாவுக்கு இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. பட்டத்துக்கான இரண்டாவது சண்டையில் வாங்கிய அடி அது. இடது பக்கம் யார் நிற்கிறார்கள், என்ன நீட்டுகிறார்கள் என்பது திரும்பிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அத்தைக்கு மட்டும் இது தெரியும். மருத்துவச் சோதனையில் படிக்கச் சொல்லும் எழுத்துகளையெல்லாம் அவருக்கு மனப்பாடம் செய்துவைத்தவளே அவள்தான். இன்னும் ஒரே ஒரு சண்டை என்று அவர் கெஞ்சியிருக்கிறார், அவளும் இளகியிருக்கிறாள். ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகிவிட்டது. இதெல்லாம் நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது சமையலறையில் இருவரும் ஆங்கிலத்தில் அடங்கிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதிதான் புரிந்தது. “மத்ததும் போயிட்டா அப்புறம் என்ன செய்வீங்க?” என்று அவள் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. நான் அவருடைய கட்டிய பல்லை நினைத்துக்கொண்டேன். இன்னொரு பல்லும் விழுந்தால் இன்னொன்று கட்டிக்கொண்டால் போயிற்று, இதற்குப் போய் அத்தை ஏன் மீனைக் கழுவும் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கண் தெரியாமல் மாமா எப்படி இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார் என்றால், அதற்குக் காரணம் ஒரு தமிழ்ச் சொல். எதிராளி வலது கையால் ஓங்கிக் குத்தும் குத்துதான் அவருடைய இடது பக்கமாக வரும். அதுதான் அவருக்குத் தெரியாது. குத்துவதற்கு முன் எதிராளியின் வலது தோள் கொஞ்சம் பின்னுக்குப் போகும். மேடைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தை அதைப் பார்த்தவுடன் “இடது!” என்று கத்துவாள். மாமா உடனே இடது கையைத் தூக்கி முகத்தை மறைப்பார். குத்து கையில் விழும். இங்கிலாந்தில் அது யாருக்கும் புரியாது. பத்திரிகைக்காரர் ஒருவர் அது ஏதோ இந்துக் கடவுளின் பெயர் என்று எழுதியிருக்கிறார். மனைவி கடவுளை அழைக்க அழைக்க அவருக்குத் தெம்பு வந்ததாம். அந்தப் பத்திரிகைத் துண்டை அத்தை என்னிடம் காட்டியபோது, அவள் ஏன் ‘இடது’ என்று கத்தினாள் என்று எனக்கும் புரியவில்லை. “மாமாவுக்கு ஊக்கம் குடுக்குறதுக்குடா கண்ணு” என்றாள்.

அந்தச் சொல் இங்கிலாந்தில் வேலை செய்தது. ஜொகூரில் அது வேலை செய்யுமா என்று புத்திசாலியான என் அத்தை ஏன் யோசிக்கவில்லை என்பது தெரியவில்லை. சொந்த ஊருக்கு வரும்போது யாருக்குத்தான் தன் பாஷை இரகசியம் என்று தோன்றும்?

சண்டை நாளன்று எங்கள் தாமானே கிளம்பியது. தொழிற்சாலை வேனில் ஒரு கூட்டம், மோட்டார் சைக்கிள்களில் ஒரு கூட்டம், திருவிழாவுக்கு அடிக்கும் உறுமி மேளக் குழு ஒன்று. உறுமியை மண்டபத்துக்குள் விட மாட்டோம் என்ற காவலாளியிடம் அப்பா, “மாப்பிள்ளை அழைப்பு அண்ணே” என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விட்டார். அப்பாவும் அம்மாவும் மாசாய்க் கூட்டத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் அடம்பிடித்து முன்வரிசையில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. மண்டபத்தின் ஏர்கோன் குளிர் என்று நினைத்தேன்.

தாய்லாந்துக்காரன் என் பள்ளி வாத்தியாரைவிட இளையவனாகத் தெரிந்தான். கால் தரையில் படாததுபோல் ஆடினான். மணி அடித்தது. அவனுடைய வலது தோள் பின்னுக்குப் போனது.

“இடது!”

மாமாவின் கை எழுந்தது. குத்து கையுறையில் பட்டு ‘டப்’ என்றது. மறுபடி தோள், மறுபடி “இடது!”, மறுபடி ‘டப்’. முதல் இரண்டு சுற்றும் இப்படியே போயின. எனக்குப் பயமே இல்லை. வினை பின்வரிசையிலிருந்து வந்தது.

அப்பாவுக்குக் குத்துச்சண்டையில் ஒன்றும் தெரியாது. தங்கை விடாமல் “இடது, இடது” என்று கத்துவதைக் கேட்டவர், அவள் இடது கையால் குத்தச் சொல்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். தங்கை தனியாகத் தொண்டை கிழியக் கத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “இடதுல குத்துங்க மாப்ள! இடது! இடது!” என்று முழங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் மாசாயே எழுந்து நின்றது. “இ-டது! இ-டது!” உறுமிக்காரர் அதற்கு ஒரு தாளம் கட்டிவிட்டார். தமிழ் தெரியாத சீன இளைஞர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

மாமாவின் இடது கை எழுந்தது. எழுந்தது இறங்கவே இல்லை. எப்படி இறங்கும்? மண்டபமே அடி வருகிறது, அடி வருகிறது என்று அலறிக்கொண்டிருந்தது. அந்தக் கை முகத்தை மறைத்துக்கொண்டே இருக்க, தாய்லாந்துக்காரன் விலாவிலும் வயிற்றிலும் மற்றப் பக்கத்திலும் ஆசை தீரக் குத்தினான். அத்தை கத்தியது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. மாமா ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பினார். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் முகம் அது. அந்த நொடியில் வாய்மீது ஒரு குத்து விழுந்தது.

சுற்று முடிந்து மணி அடித்ததும் அத்தை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வரிசைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, வாய மூடச் சொல்லுங்கண்ணே எல்லாரையும்!”

“என்னம்மா நீ? சப்போர்ட் குடுக்குறோம் லா!”

“சப்போர்ட் வேணாம். உங்க கால்ல விழறேன். என் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேக்கணும். வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

ஏன் என்று அப்பா கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய் உறுமியின்மேல் கையை வைத்தார். “எல்லாரும் உக்காருங்க. ஒரு சத்தம் வரக் கூடாது. தங்கச்சி மட்டும்தான் பேசும்” என்றார். என்னைப் பார்த்து, “நீயும்தான்” என்றார். தாமான் கூட்டம் முணுமுணுத்தது. “அலமாக், இது என்ன சண்டை பாக்குற டேவானா, பரீட்சை மண்டபமா?” என்றார் ஒருவர். ஆனால் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள்.

பிறகு நடந்ததைப் போன்ற சண்டையை நான் பார்த்ததில்லை. ஆள் நிறைந்த மண்டபம் மூச்சுவிடாமல் இருக்க, ஒரே ஒரு பெண் குரல். “இடது!” டப். “இடது!” டப். மாமாவுக்கு உயிர் வந்தது. தாய்லாந்துக்காரன் ஓங்கிய குத்தைத் தடுத்த கையோடு வலதால் ஒன்று கொடுத்தார். அவன் கயிற்றில் போய் விழுந்தான். இன்னொரு சுற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தே விட்டான். எட்டு எண்ணும்வரை எழவில்லை. பின்னால் தாமான்காரர்கள் கத்தவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், ஒருவர் தொடையில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றுக்கு முன் மாமா மூலையில் உட்கார்ந்தார். இனி விழாமல் நின்றால் போதும், ஜெயித்துவிடலாம் என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். பயிற்சியாளர் அவருடைய வலது கண்ணின்மேல் குளிர்ந்த இரும்புத் துண்டு ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அதை எடுத்தபோது பார்த்தேன். அந்தக் கண் உப்பி, நாவற்பழ நிறத்தில், ஒரு கீற்றளவுதான் திறந்திருந்தது. மாமா அந்தக் கீற்றுவழியாக அத்தையைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தை தலையை ஆட்டவில்லை.

மணி அடித்தது. மாமா ஜெயித்துவிடுவார், விமானம் ஏறிவிடுவார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அவர் அடிபடுவதை நான் விரும்பவில்லை, சத்தியமாக விரும்பவில்லை.

தாய்லாந்துக்காரனின் வலது தோள் பின்னுக்குப் போனது. குரல் வரவில்லை. குத்து மாமாவின் கன்னத்தில் உரசிக்கொண்டு போனது. அவர் தள்ளாடினார். திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் கண்கொட்டாமல் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. தொண்டை வறண்டுவிட்டது என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கவில்லை.

தோள் மறுபடி பின்னுக்குப் போனது. இந்த முறை நிறையவே போனது. எனக்கே தெரிந்துவிட்டது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. சில்லென்ற கை. பல் உதட்டில் குத்தும்படி அழுத்தியது.

குத்து விழுந்த சத்தம் அந்த அமைதியில் மண்டபத்தின் கடைசிவரை கேட்டிருக்கும். மாமா மல்லாந்து விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கும் முன்பே அத்தை மேடை ஏறிவிட்டாள்.

மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, வலது கண்ணுக்கு ஆபத்தில்லை என்று சொல்லி மாமாவை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் அம்மா வாழையிலை போட்டாள். ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய் சாம்பார், அப்பளம் என்று இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரத்தையெல்லாம் சமைத்திருந்தாள். மாமா முகத்தில் பாதி வீங்கியிருந்தது. மெதுவாகச் சாப்பிட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எல்லாம் என்னாலதான்” என்றார் திடீரென்று. “நான் அப்படிக் கத்தாம இருந்திருந்தா இவளும் அவ்ளோ கத்தியிருக்க மாட்டா. கடைசில தொண்டை கட்டிருச்சு. அந்த நேரத்துல சத்தமே வரல, பாவம்.”

அம்மா உப்புப் போட்ட வெந்நீரை அத்தையின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அத்தை எடுத்துக் குடித்தாள்.

அப்பாவின் கண் கலங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். “இல்லப்பா, அத்தை கத்தலன்னா நான் கத்திருப்பேன். கத்தத்தான் போனேன். அத்தைதான் என் வாயப் பொத்திட்டாங்க” என்றேன்.

அத்தையின் கை இலையில் நின்றது.

“பொத்தாம என்னடி செய்வா?” என்றார் அப்பா. “யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்.” சொல்லிவிட்டு இலையை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அப்பாவின் சொல்லை மீறப் பார்த்ததற்குத்தான் அத்தை வாயைப் பொத்தினாள் என்று நானும் நினைத்திருந்தேன். அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. முழு உடம்பையும் அத்தையின் பக்கம் திருப்பி, பாப்பா என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அத்தை வெந்நீரைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நீங்கள் போகாமல் இங்கேயே இருக்கப்போவதில் பாப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷமாம் என்று ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாள்.

மாமா வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். நான் சொன்னது அது இல்லை. ஆனால் என் மனதில் இருந்தது அச்சு அசலாக அதுதான். மாரியம்மனைத் தவிர யாருக்கும் சொல்லாத அந்த ஆசை அத்தைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று, அப்பளத்தை நொறுக்கியபடி வெகுநேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.